40 வயதுக்கு மேல் கிடார்... பேண்டில் இடம் கிடைக்குமா?

தீபாவளி முடிந்த மறுவாரம் சிவகாசியைப் பார்த்திருக்கிறீர்களா? மாதக்கணக்கில் ஓடிய ஊர், அப்போதுதான் கொஞ்சம் மூச்சுவிடும். பட்டாசு ஆலைகளுக்கு லீவு. லாரி செட்டுகளில் சத்தமில்லை. காலண்டர், டைரி அடிக்கும் பிரஸ்காரர்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் சும்மா இருக்கிற அந்தச் சில நாள்களில்தான், பீரோ மேல் உறையோடு கிடக்கும் கிடார் கண்ணில் படும். எப்போதோ பிள்ளையை சம்மர் கிளாஸில் சேர்த்தபோது வாங்கியது. பிள்ளை இப்போது வெளியூர் காலேஜில். 'நாம எடுத்துப் பார்த்தா என்ன?' என்று அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தோன்றும். உடனே இன்னொரு குரலும் கேட்கும், 'இந்த வயசுல போயா?'

வீட்டுக்குள் தனியாக வாசித்துப் பார்ப்பதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. கதவைச் சாத்திக்கொள்ளலாம். நாலு பேரோடு சேர்ந்து ஒரு பேண்டில் வாசிக்க ஆசைப்படும்போதுதான் வெட்கம் வந்து நிற்கும். கூட இருப்பவர்கள் எல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள். அங்கே வயதிலும் மூத்தவர், வாசிப்பிலும் கடைசி என்றால் எப்படி இருக்கும்?

உலகப் புகழ்பெற்ற ராக் பேண்டுகளில் ஒன்று, கிட்டத்தட்ட இந்தச் சங்கடத்தோடுதான் உருவானது.

34 வயதில் 'பெரியவர்'

1977-ல் லண்டனில் பங்க் ராக் அலை அடித்துக்கொண்டிருந்தது. இருபதைத் தாண்டினாலே கிழடு என்று கிண்டலடித்த காலம். அப்போதுதான் 'தி போலீஸ்' என்ற புது பேண்டில் கிடாரிஸ்ட்டாக வந்து சேர்ந்தார் ஆண்டி சம்மர்ஸ். அவருக்கு வயது 34. பாடகரும் பேஸ் கிடாரிஸ்ட்டுமான ஸ்டிங், டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லாண்ட் இருவருக்கும் 25.

34 என்பது நம் ஊர்க் கணக்கில் நடுத்தர வயதே இல்லைதான். ஆனால், சம்மர்ஸ் அதற்குள் ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து, தோற்றும் முடித்திருந்தார். அறுபதுகளில் ஜூட் மணி, சாஃப்ட் மெஷின், எரிக் பர்டனின் அனிமல்ஸ் என்று பேண்டு பேண்டாக வாசித்தவர். அதன்பின் மேடையே இல்லாமல் போனது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நார்த்ரிட்ஜ் வளாகத்தில் சேர்ந்து கிளாசிக்கல் கிடார் படித்தார். பிழைப்புக்குக் கிடார் டியூஷன் எடுத்தார். 1973-ல் லண்டன் திரும்பி, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தார்.

அவர் சேர்ந்தபோது பேண்டில் ஏற்கெனவே ஹென்றி படோவானி என்ற இளம் கிடாரிஸ்ட் இருந்தார். சில வாரங்களிலேயே படோவானி வெளியேற, பேண்ட் மூவரானது. 'பெரியவர்' வேறு எதையும் செய்யவில்லை. இடைவெளி விட்டு வாசித்தார். மற்ற பங்க் கிடாரிஸ்ட்டுகள் இரைச்சலால் பாட்டை நிரப்பியபோது, அவர் எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்து வாசித்தார். பத்துப் பதினைந்து வருடம் பலருக்கும் பின்னால் நின்று வாசித்தவருக்குத்தான் அது கைவரும்.

1980 மார்ச்சில் இந்த மூவரும் மும்பையில்கூட வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அழைத்து வந்தது பெண்கள் நடத்தும் 'டைம் அண்ட் டேலண்ட்ஸ் கிளப்' என்ற தொண்டு அமைப்பு. 1983-ல் 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாடல் அமெரிக்காவில் 8 வாரம் முதலிடத்தில் இருந்தது. பாட்டைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது, ஒவ்வொரு சுரமாகப் பிரித்து மீட்டும் அந்தக் கிடார்தான். பாட்டு வெளியானபோது சம்மர்ஸுக்கு வயது 40.

பக்கத்திலும் பார்க்கலாம். '96' படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தாவின் 'தைக்குடம் பிரிட்ஜ்' பேண்டில், இளைஞர்களுக்கு நடுவே நின்று பாடியவர் அவருடைய அப்பா பீதாம்பரன் மேனன். 'ஈகிள்ஸ்' பேண்டின் கிளென் ஃப்ரே 2016-ல் இறந்தபின், அந்த இடத்துக்கு மறுவருடம் இருவர் வந்தார்கள். ஒருவர் ஃப்ரேயின் 24 வயது மகன் டீக்கன். இன்னொருவர் 60 வயது கிடாரிஸ்ட் வின்ஸ் கில்.

'அவங்கெல்லாம் சின்ன வயசுலேயே கத்துக்கிட்டவங்க. நமக்கு சுரம்கூடத் தெரியாதே' என்பவர்களுக்கு வேறொருவரைக் காட்ட வேண்டும்.

11 வயசுப் பிள்ளைகளோடு ஒரு பேராசிரியர்

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர் கேரி மார்கஸ். தாளம் என்பதே தனக்கு வராது என்று நம்பியிருந்தவர். ஒரு வீடியோ கேமில் பிளாஸ்டிக் கிடாரைத் தட்டிப் பார்த்ததில் ஆசை பிடித்து, நாற்பதை நெருங்கும் வயதில் நிஜக் கிடாரைக் கையில் எடுத்தார். அந்த அனுபவத்தை 2012-ல் 'கிடார் ஜீரோ' என்ற புத்தகமாக எழுதினார்.

அதில் சுவையான பகுதி, அவர் பிள்ளைகளுக்கான ராக் இசை முகாமில் போய்ச் சேர்ந்தது. பதினொரு வயதுப் பிள்ளைகளின் பேண்டில் அவரும் ஓர் ஆள்! பிள்ளைகளின் விரல் வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆனால், பாட்டு எங்கே தொடங்கி எங்கே ஏறி எப்படி முடிய வேண்டும் என்ற கட்டுமானம் அவருக்குப் பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்தது. நாற்பது வருடம் பாட்டு கேட்ட காதுக்குக் கிடைத்த லாபம் அது.

வயதானால் மூளை புதிதாக எதையும் ஏற்காது என்பது பாதிதான் உண்மை என்கிறார் மார்கஸ். அதற்கு அவர் எடுத்துக்காட்டுவது கூகைகளை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் நட்ஸன், கூகைகளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு ஆராய்ந்தவர். பார்ப்பதையெல்லாம் பக்கவாட்டில் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடி அது. கண்ணில் படும் இடமும் காதில் விழும் சத்தத்தின் இடமும் பொருந்தாமல் போகும். இளம் கூகைகள் சில வாரங்களில் பழகிக்கொண்டன. வயதான கூகைகளால் முடியவில்லை. இவ்வளவுதான் என்று விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். 2002-ல் வெளியான ஆய்வில், முழு விலகலையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். அப்போது வயதான கூகைகளும் பெருமளவு பழகிக்கொண்டன!

ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து நான்கு மணி நேரம் விரலைப் புண்ணாக்கிக்கொள்வதைவிட, தினமும் இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்வது ஏன் நல்லது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது கஷ்டம்.

'ச'வும் 'ப'வும்

ராக் இசையில் ஒரு சௌகரியம் உண்டு. கிடார் கற்கிறவர்களில் பாதிப்பேர் கைவிடுவது 'எஃப்' கார்ட் வரும்போதுதான் என்பார்கள். ஆள்காட்டி விரலை ஆறு தந்திகள் மேலும் படுக்கவைத்து அழுத்த வேண்டும். விரல் வலிக்கும், சத்தம் செத்துப்போகும். ஆனால், ராக்கின் உயிர்நாடியான 'பவர் கார்ட்'டுக்கு இரண்டே சுரங்கள் போதும். ஆதார சுரம், அதற்குப் பஞ்சமம். அதாவது தம்பூராவில் நாம் காலங்காலமாகக் கேட்கிற அதே ச, ப. இரண்டு விரல் பிடியை அப்படியே மேலும் கீழும் நகர்த்தினால், எத்தனையோ பாட்டுகளுக்கு ரிதம் வாசித்துவிடலாம்.

எலெக்ட்ரிக் கிடாரின் தந்தி மெல்லியது. நாற்பது வயது விரலுக்கு இரும்புத் தந்தி போட்ட அகூஸ்டிக் கிடாரைவிட அது இதம். விரல் நுனியில் தோல் காய்த்துப்போக சில வாரங்கள் ஆகும். பைண்டிங் வேலையிலும் தீப்பெட்டி வேலையிலும் காய்த்த கைகளுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

கவனிக்க வேண்டியது சர்க்கரை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொள்ளும் 'டிரிகர் ஃபிங்கர்' பிரச்னையும் தோள்பட்டை இறுக்கமும் மற்றவர்களைவிட அதிகம் வரும். விரல் மரத்துப்போனாலோ சிக்கினாலோ, பழகப் பழகச் சரியாகும் என்று வாசித்துக்கொண்டே இருக்காமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

அடுத்தது காது. டெசிபல் கணக்கு சிவகாசிக்காரர்களுக்குப் புதிதல்ல. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் பட்டாசுக்கு 125 டெசிபல் வரம்பு என்பது மனப்பாடம். ஆனால், வெடி ஒரு நொடி. ரிகர்சல் இரண்டு மணி நேரம். 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் தாங்கலாம் என்றால், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. பூட்டிய அறைக்குள் டிரம்ஸும் ஆம்பும் சேர்ந்தால் 100-ஐச் சாதாரணமாகத் தொடும். மருந்துக்கடையில் கிடைக்கும் காது அடைப்பான் போதும். பையன்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

யாருக்கு வேண்டும் இந்த ஆள்?

தென்மாவட்டங்களுக்குக் கிடார் அந்நியப் பொருள் அல்ல. பாவலர் பிரதர்ஸ் குழுவோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்த இளையராஜா, பிறகு சென்னையில் சலீல் சௌத்ரி போன்றவர்களுக்குக் கிடார் வாசித்தவர்தான். விருதுநகர் பங்குனிப் பொங்கல், சிவகாசி சித்திரைப் பொங்கல் என்று திருவிழா வந்தால் கச்சேரி மேடைகளும் வரும். மெல்லிசைக் குழுவோ, சர்ச் பாடகர் குழுவோ, காலேஜ் பையன்களின் ராக் பேண்டோ, எல்லாவற்றிலும் ஒரே கதைதான். முன்னால் நின்று லீட் வாசிக்க ஆள் வரிசையில் நிற்கும். பாட்டு முழுக்கத் தாளம் தவறாமல் பின்னால் ரிதம் வாசிக்க ஆள் கிடைக்காது. சொன்ன நேரத்துக்கு வந்து, நாலு கார்ட்டை அலுக்காமல் வாசிக்கும் 45 வயதுக்காரருக்கு அங்கே மரியாதை உண்டு. காலியிடம் அதுதான்.

காலண்டர் தொழிலில் இருப்பவர் ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வெளியானதிலிருந்து வருடக் கடைசி வரை ரிகர்சலுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பட்டாசுக் கடைக்காரருக்குத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் அப்படித்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பேண்டில் மனஸ்தாபம் வராது. வீட்டில் அனுமதி வாங்குவது தனிக்கதை. ஹெட்போன் மாட்டி வாசிக்கிற சின்ன ஆம்ப் ஒன்று வாங்கிவிட்டால், அந்தக் கதையும் பாதி சுமுகமாக முடியும்.

கடைசியாகப் பணம். 'ஆசைக்குத்தானே வாசிக்கிறோம், காசு பேசுவானேன்' என்பது பெரியவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு. அதற்கும் ஆண்டி சம்மர்ஸ்தான் உதாரணம். 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாடலை எழுதியவர் என்று பதிவானது ஸ்டிங்கின் பெயர் மட்டும். 1997-ல் பஃப் டாடி அந்தக் கிடார் துணுக்கை வைத்தே 'ஐ வில் பி மிஸ்ஸிங் யூ' பாடலை உருவாக்கினார். அதுவும் உலக ஹிட். எழுத்துரிமைக் காசு போனது ஸ்டிங்குக்கு. அந்தத் துணுக்கை வாசித்த சம்மர்ஸுக்கு அதில் பங்கில்லை. அவரும் கோப்லாண்டும் ராயல்டி கேட்டு ஸ்டிங் மீது லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருப்பது 2025-ல் செய்தியானது. அப்போது சம்மர்ஸுக்கு வயது 82.

கோயில் கச்சேரியில் வருகிற சில ஆயிரங்களுக்கு லண்டன் கோர்ட் தேவைப்படாது. ஆனால் வேன் வாடகை யார் பொறுப்பு, ஆம்ப் பழுதானால் யார் செலவு, சொந்தமாக ஒரு பாட்டு போட்டால் அதில் யார் யார் பெயர் வரும் என்று முதல் ரிகர்சலிலேயே பேசி, ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடலாம். பில் புத்தகத்தோடு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, பேண்டில் அந்த நோட்டை வைத்துக்கொள்ளும் வேலையும் தானாகவே வந்து சேரும்.