கொசுவுக்கு நஞ்சு பழகியதா?

தில்லிப் பல்கலைக் கழகத்திலிருந்து சற்றுத் தொலைவில், சாம்நாத் மார்க்கில், தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. 1963-க்கு முன் அதன் பெயர் இந்திய மலேரியா நிறுவனம். அந்நிறுவனத்தார் எதிர்த்துப் போராடிய சிறு பூச்சியின் வரலாறு, உயிர்கள் சூழ்நிலைக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

நாடு விடுதலை பெற்ற நாளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் மலேரியாவால் வருந்தினர். 8 லட்சம் பேர் மாண்டனர் என்பது அக்கால மதிப்பீடு. 1953-இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கியது. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தார்கள். 1965-இல் நோயாளர் தொகை சுமார் 1 லட்சமாயிற்று. மலேரியா ஒழிந்ததென்றே பலரும் மகிழ்ந்தனர். ஆனால் 1976-இல் அத்தொகை 64 லட்சத்தைத் தாண்டியது!

காரணங்கள் பல. பணமும் ஆட்களும் போதவில்லை, மேற்பார்வை தளர்ந்தது. மற்றொரு காரணம், டி.டி.டி.க்குச் சாகாத கொசுக்கள். சிற்றூர்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவிடம் இத்தன்மை 1959-இலேயே, அன்றைய பம்பாய் மாநிலத்துப் பஞ்சமகால் மாவட்டத்தில் காணப்பட்டது.

'கொசுவுக்கு நஞ்சு பழகிவிட்டது' என்கிறோம். அது சரியன்று, நண்பர்களே. ஆயிரமாயிரம் கொசுக்களில் ஏதோ சில பிறவியிலேயே சற்று வேறுபட்டவை. சிலவற்றின் உடல் நஞ்சை விரைவில் சிதைக்கும். சிலவற்றின் நரம்பில் நஞ்சு பற்றாது. டி.டி.டி. வரும்வரை அவ்வேறுபாட்டால் பயனில்லை. வந்ததும் மற்றவை மடிந்தன. இவை பிழைத்து முட்டையிட்டன. குஞ்சுகளும் அத்தன்மையைப் பெற்றன. தலைமுறை தோறும் அவற்றின் பங்கு பெருகிற்று. தனிக்கொசு எதுவும் மாறவில்லை. கொசுக் கூட்டமே மாறிற்று. நஞ்சு அத்தன்மையைப் படைக்கவில்லை, இருந்ததைத் தேர்ந்தெடுத்தது.

இதைத்தான் டார்வின் 1859-இல் இயற்கைத் தேர்வு என்று விளக்கினார். ஒட்டகம் பாலைவனத்துக்குப் பொருந்தியதும் இவ்வாறே. அதற்குப் பன்னெடுங்காலம் பிடித்தது. கொசுவின் தலைமுறை சில வாரங்களே ஆதலால் சில ஆண்டுகள் போதுமாயின.

கிருமிகளின் தலைமுறையோ அதனினும் குறுகியது. விடுதியில் காய்ச்சல் வந்தால், நண்பர் அறையில் மிஞ்சிக் கிடக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளில் இரண்டை விழுங்குவது நம்மில் சிலர் வழக்கம். அப்போது மெலிந்த கிருமிகள் சாகும்; வலியவை எஞ்சிப் பெருகும். அவை நம்மோடு நில்லாமல் அடுத்த கட்டிலுக்கும் செல்லும். ஆகவே மருத்துவர் சொல்லாமல் அம்மாத்திரைகளைத் தொடாதிருப்போமாக.