புத்தகத்தை மூடினால்தான் பாசுரம் தங்கும்

மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதர் பழையசீவரத்துக்கு எழுந்தருளுகிறார். பார்வேட்டை உற்சவம். அங்குள்ள லட்சுமி நரசிம்மர் கோயிலுக்கு வந்து, பிறகு பாலாற்றைக் கடந்து அக்கரையில் உள்ள திருமுக்கூடலுக்குப் போவார். சுற்றுவட்டாரத்துப் பெருமாள்களும் அங்கே வந்து சேர்வார்கள். பெருமாளுக்கு முன்னே திவ்யப் பிரபந்த கோஷ்டி, பின்னே வேதபாராயண கோஷ்டி.

கோஷ்டியில் கலந்து சொல்லும்போது பாசுரம் தானாக வாயில் வரும். பக்கத்தில் இருப்பவர் முதல் சொல்லை எடுத்ததும் நமக்கு மீதி ஓடிவந்துவிடும். வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லிப் பார்த்தால் மூன்றாம் பாட்டிலேயே நின்றுவிடும். இது எத்தனையோ பேருக்கு நடப்பதுதான். பக்தியில் குறை இல்லை. தினமும் படிக்கவில்லை என்றும் இல்லை. படித்ததைப் புத்தகம் இல்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

படிப்பது ஒரு வேலை. படித்ததை உள்ளே தேடி வெளியே எடுப்பது வேறு வேலை. இரண்டாவதைச் செய்யச் செய்யத்தான் நினைவு உறுதிப்படுகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு உரைநடைப் பகுதியை நான்கு தவணை திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தவணை மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று தவணையும் தாளைப் பார்க்காமல் நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம் நினைவில் இருந்தது, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கணக்கு தலைகீழாகிவிட்டது. படித்துக்கொண்டே இருந்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியது; எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம் இருந்தது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் இன்னொரு செய்தி. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று அந்த மாணவர்களிடமே முதலில் கேட்டார்கள். நான்கு தவணை படித்தவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகமாக இருந்தது. கண்ணுக்குப் பழகிய வரியை மனம் தெரிந்த வரி என்று எடுத்துக்கொள்கிறது. வேத நூல் விஷயத்தில் இந்த மயக்கம் இன்னும் ஆழமானது. ஏனென்றால் நாற்பது வருஷமாகத் தினமும் காலையில் கையில் எடுக்கிற புத்தகம் நமக்குத் தெரியாமல் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

புத்தகமே கையில் இல்லாத காலத்தில் இந்த மயக்கத்துக்கு இடமே இருந்ததில்லை. திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் கோயிலை ஒட்டி ரிக், யஜுர் வேதங்களும் வியாகரணமும் சொல்லிக்கொடுத்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை (மருத்துவமனை) எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்ததை அது சொல்கிறது. வேதம் மரபாகப் படிப்பது சந்தை என்ற முறையில். ஆசிரியர் ஒருமுறை சொல்வார், பிள்ளைகள் இரண்டுமுறை திருப்பிச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஏட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. வாய் திறந்த ஒவ்வொரு தடவையும் பிள்ளை தன்னைத்தானே சோதித்துக்கொண்டான்.

வெறுமனே முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிப்பதோடும் அவர்கள் நிறுத்தவில்லை. கிரம பாடத்தில் முதல் சொல்லும் இரண்டாம் சொல்லும், பிறகு இரண்டாவதும் மூன்றாவதும் என்று போகும். ஜடையில் 1-2, 2-1, 1-2. கனத்தில் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3. சொற்களைப் பின்னாலிருந்து முன்னால் எடுக்கும்போது பாட்டின் ஓட்டம் கைகொடுக்காது. பழக்க வேகத்தில் நாக்கு தானாக ஓடிவிட முடியாது. ஒவ்வொரு சொல்லையும் தனியாக அறிந்திருந்தால்தான் கனம் சொல்ல வரும். யுனெஸ்கோ 2003-இல் வேதம் ஓதும் மரபை மனிதகுலத்தின் அரிய செல்வங்களில் ஒன்றாக அறிவித்ததற்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

இதே வட்டாரத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை எல்லோரும் தேர்தலுக்காகவே பேசுகிறோம். 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஊர்ச்சபையின் வாரியத்துக்கு நிற்பவருக்கு நிலமும் சொந்த மனையும் வேண்டும் என்று சொல்கிற அதே இடத்தில் கல்வித் தகுதியும் வருகிறது. வேதப் பகுதியைப் படித்திருந்தால் மட்டும் போதாது, பிறருக்கு ஓதுவிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அறிவைப் புத்தகத்தில் வைத்திருப்பவருக்கும் தன்னிடம் வைத்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சபையாருக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழில் இன்னொரு அருமையான ஏற்பாடு அந்தாதி. நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1102 பாசுரங்களும் அந்தாதியாகவே போகின்றன. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கத்தை எடுத்துக்கொடுக்கும். திருப்பாவைக்கு அப்படி இல்லை. ஆனால் மார்கழியில் நாளுக்கு ஒரு பாட்டு என்று நாளே எண்ணைக் கொடுத்துவிடும். பைபிளில் 119-ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களும் எபிரேய எழுத்துகள் 22-க்கும் எட்டெட்டாகப் பிரிந்திருக்கின்றன. தமிழ் வேதாகமத்திலும் ஆலெப், பேத் என்ற தலைப்புகள் அப்படியே நிற்கின்றன. குர்ஆனை நபிகள் நாயகம் ரமலான்தோறும் வானவர் ஜிப்ரீலிடம் ஓதிச் சரிபார்த்தார், கடைசி வருஷம் இரண்டு முறை என்று ஹதீஸ் சொல்கிறது. எந்த மரபை எடுத்தாலும் மனனத்துக்கு இப்படி ஒரு பிடிமானமோ, ஒரு கேட்கும் காதோ பக்கத்தில் இருந்திருக்கிறது.

அச்சுப் புத்தகம் வந்தபோது அந்தக் காதுக்குத் தேவை குறைந்தது. இப்போது செல்போனில் பாராயணம் ஓடுகிறது, நாம் கூடவே சொல்கிறோம். அது நல்ல காரியம்தான். ஆனால் நினைவைப் பொறுத்தவரை அதுவும் கோஷ்டிதான். அடுத்த அடி வருவதற்கு முன் பதிவை நிறுத்தி, நீங்களே சொல்லிவிட்டுப் பிறகு ஓடவிட்டுப் பாருங்கள். எந்தெந்த அடி உங்களுடையது, எது பதிவில் சொல்பவருடையது என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. திருவாய்மொழியில் பதினொரு பாட்டுள்ள ஒரு பதிகத்தை எடுத்துக்கொண்டு பொருளோடு இரண்டுமுறை படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாளில் 1 முதல் 11 வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் முதல் சொல்லையும் பாட்டின் சாரத்தையும் எழுதுங்கள். வராத இடத்தைக் காலியாக விட்டுவிடலாம். ஆனால் உடனே புத்தகத்தைத் திறக்க வேண்டாம். கொஞ்சம் திண்டாடுங்கள், அந்தத் திண்டாட்டத்துக்குப் பிறகு பார்க்கும் வரி எளிதில் போகாது. பிறகு கட்டாயம் திறந்து பார்த்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பு மையால் திருத்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பிழையே மனப்பாடமாகிவிடும். மறுநாள் படிப்பதற்கு முன்னால் முதலில் அந்தச் சிவப்பு இடங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை.

எப்போதும் முதல் பாட்டிலிருந்தே தொடங்குவது கூடாது. அப்படிச் செய்தால் முதல் இரண்டு பாட்டும் கல்லாக நிற்கும், எட்டும் ஒன்பதும் ஆடிக்கொண்டே இருக்கும். நடுவில் கை வையுங்கள். எட்டாம் பாட்டில் ஆழ்வார் யாரிடம் பேசுகிறார்: பெருமாளிடமா, தன் நெஞ்சிடமா, பறவையிடமா? எந்தத் திவ்ய தேசத்தைச் சொல்கிறார்? அதற்கு முந்தைய பாட்டில் என்ன கேட்டார்? சொல் மறந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பொருள் நம்மிடம் இருக்கிறது. சொல் மட்டும் வந்து பொருள் வராவிட்டால் பாதிதான் வந்திருக்கிறது.

பகவத் விஷயத்தில் பரீட்சை எதற்கு, அன்பாகப் படித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அன்பு போதும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும்போது, கண் மங்கி எழுத்து தெரியாமல் போகும்போது, அந்தப் பாசுரம் வேண்டும் என்று ஆசைப்படுவதும் அந்த அன்புதானே? அப்போது அது வருவதற்கு இப்போது ஒரு வேலை செய்யவேண்டியிருக்கிறது.

தனியாகச் செய்ய முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. பாட்டி புத்தகத்தை வைத்துக்கொள்ளட்டும், பேத்தி சொல்லட்டும். மறுநாள் பேத்தி கையில் புத்தகம், பாட்டி சொல்லவேண்டும். தடுமாறினால் முதல் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொடுத்தால் போதும். அதற்கும் வராவிட்டால் முழுச் சொல். முழு அடியையும் சொல்லிவிடக் கூடாது.