ஊர் வரலாறும் அதனை எழுதுவோரும்

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஊர்க் குளத்தை வெட்டுவித்தவர் யார், பாடசாலைக்குக் காணி ஈந்தவர் யார், ஓர் ஒழுங்கைக்கு அப்பெயர் வந்த காரணம் யாது என்பனவும் வரலாறேயாகும். இவற்றைத் தேடித் தொகுப்போருள் பலர் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், சமய குருமார் முதலியோரே. தமது ஓய்வு நேரத்தில், ஊதியம் எதுவுமின்றி, இப்பணியை இவர்கள் ஆற்றி வருகின்றனர்.

இதற்கு யாழ்ப்பாணம் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் 'யாழ்ப்பாண வைபவமாலை'யை இயற்றினார். 1912 இல் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் 'யாழ்ப்பாணச் சரித்திரம்' வெளிவந்தது. 1926 இல் முதலியார் செ. இராசநாயகம் பண்டைய யாழ்ப்பாணம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் எழுதினார். நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இல் 'யாழ்ப்பாண வைபவ விமரிசனம்' வாயிலாக வைபவமாலையின் கூற்றுகளை ஆராய்ந்தார். முன்னோர் எழுதியதைப் போற்றிக் காத்தலும், அதனை ஐயுற்று ஆராய்தலும் வரலாற்றாசிரியரின் இரு கடமைகள் என்பதை இவர்களது நூல்கள் உணர்த்துகின்றன.

இப்பணியின் முதலாவது இடர் ஆதாரங்களின் அழிவாகும். ஏடுகளைச் செல்லரிக்கின்றது. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடுகளான தோம்புகளைப் படித்தறிய வல்லார் மிகச் சிலரே. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பராயின. 1995 இன் பெரும் இடப்பெயர்வில் மக்கள் கையில் எடுத்தவற்றோடு வெளியேறினர். வீட்டில் விட்டுவந்த உறுதிகளும் நிழற்படங்களும் எத்தனையோ மீளக் கிடைக்கவில்லை.

இரண்டாவது இடர் நம் மனத்திலேயே உள்ளது. தம் ஊரைப் புகழவேண்டும் என்னும் ஆசை உண்மையை மறைத்துவிடக்கூடும். குளம் வெட்டுவித்தவரின் பெயர் கல்லிலே பொறிக்கப்படும். மண் சுமந்தவரின் பெயர் எங்கும் இராது. ஒடுக்கப்பட்டோரும் பெண்களும் இடம்பெறாத ஊர் வரலாறு பாதி வரலாறே.

மூன்றாவது இடர் காலம். முதியவர் ஒருவர் மறையுந்தோறும் எழுதப்படாத ஏடொன்று அவருடன் மறைகின்றது.

2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் பாதுகாத்து வருகின்றது. ஆயினும் வீட்டுப் பெட்டகத்தில் இருப்பதனை வீட்டாரே வெளிக்கொணர்தல் வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் நாம் செய்யக்கூடியன சில உள. பழைய நிழற்படத்தின் பின்புறத்தில் அதிலுள்ளோர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் குறித்து வைப்போம். பாட்டனார், பாட்டியார் கூறுவனவற்றை ஒலிப்பதிவு செய்வோம். இருவர் கூற்று வேறுபடின் இரண்டையும் எழுதி வைப்போம். எது மெய்யென ஆராய்வது பின்வருவோர் பணி. ஆராய்வதற்கு ஏதேனும் எஞ்சியிருக்கச் செய்வது நம் பணி.