மீன் தொட்டியும் ஆறாத புண்ணும்



பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கூடத்தில் இன்று ஒரு கண்ணாடித் தொட்டியைக் காணலாம். அதில் நீந்தும் வண்ண மீன்கள், நம் சென்னைக் கொளத்தூரில் பிறந்து ரயிலேறி வந்தவையாகவும் இருக்கலாம். மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பெயர் பெற்ற இடம் அது. கண்ணுக்கு இனிய அத்தொட்டியில் சில சமயம் காசநோய்க் கிருமியின் உறவினம் ஒன்றும் குடியிருப்பதுண்டு.

மனிதனைத் தாக்கும் காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அதே இனத்தைச் சேர்ந்த கிருமி பிரான்ஸ் நாட்டில் ஒரு கெண்டை மீனில் இருப்பது 1897-இல் தெரியவந்தது. 1926-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன் காட்சிசாலையில் மடிந்த கடல் மீன்களிலிருந்து ஆரன்சன் என்பவர் பிரித்தெடுத்த கிருமிக்கு ‘மைக்கோபாக்டீரியம் மரைனம்’ என்று பெயர்.

இந்நோய் கண்ட மீன் இரை எடுக்காது. நாளுக்கு நாள் மெலியும். செதில் உதிரும், உடலில் புண் தோன்றும், முதுகு வளையும். அறுத்துப் பார்த்தால் ஈரலிலும் சிறுநீரகத்திலும் வெண்மையான சிறு மணிகள் தெரியும். நெருக்கடியும் அசுத்த நீரும் நோயை வளர்க்கின்றன. செத்த மீனை மற்ற மீன்கள் தின்பதாலும் அது பரவுகிறது. நம்பத்தக்க மருந்து இதற்கில்லை.

ஆராய்ச்சிச் சாலைகளுக்கும் இது தொல்லையே. கங்கைச் சமவெளியின் ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீன் இன்று உலகெங்கும் ஆய்வுக்கு வளர்க்கப்படுகிறது. ஐதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்திலும் அது உண்டு. தொட்டியில் நோய் புகுந்தால், ஆய்வின் முடிவுகளே பிழைபடக்கூடும்.

மனிதருக்கு வருவது எவ்வாறு? சுவீடனில் நீச்சல் குளத்தில் சிராய்ப்புற்றவர்களின் புண்களில் இக்கிருமி இருப்பது 1951-இல் வெளியாயிற்று. வீட்டு மீன் தொட்டியாலும் நோய் வரும் என்பது 1962-இல் தெரிந்தது. கையிலுள்ள சிறு கீறலே அதற்கு வாசல். சில வாரங்கள் கழித்து ஒரு கட்டி எழும்பிப் புண்ணாகும். சிலருக்கு முழங்கை வரை வரிசையாகக் கட்டிகள் தோன்றும். கவனியாது விட்டால் மூட்டையும் தாக்கும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவதில்லை எனலாம்.

இங்கே முக்கியமான செய்தி ஒன்றுண்டு. இக்கிருமி ஏறக்குறைய 30 டிகிரி வெப்பத்திலேயே செழித்து வளரும். நம் உடலின் 37 டிகிரி அதற்கு ஒவ்வாது. குளிர்ந்த கை கால்களில் அது தங்குவதற்குக் காரணம் இதுவே. சோதனைச் சாலையிலும் வழக்கமான வெப்பத்தில் வைத்தால் அது வளராமற்போகலாம்; சாதாரணப் புண் என்று கருதி மாதக்கணக்கில் பயனற்ற மருந்து உண்ண நேரிடும். ஆகவே ஆறாத புண்ணுடன் வைத்தியரிடம் செல்பவர், “எங்கள் வீட்டில் மீன் வளர்க்கிறோம்” என்று தாமே முதலில் சொல்லிவிட வேண்டும். நோய் இன்னதென்று தெரிந்தால் மருந்து உண்டு. சில மாதங்கள் விடாது உண்டால் குணமாகும்.

வருமுன் காப்பது எளிது. கையில் கீறல் இருக்கும்போது தொட்டியில் கைவிடாதீர்கள். ரப்பர் கையுறை அணியுங்கள். குழாயில் வாய் வைத்து நீரை உறிஞ்சாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். புதிய மீன்களைச் சில வாரங்கள் தனியே வைத்துப் பாருங்கள். செத்ததை உடனே அகற்றுங்கள். தொட்டி கழுவும் வேலையைச் சிறுவர்களிடம் விடாதிருப்பதும் நலம்.