உங்களுக்குத் தெரியுமா? கத்ரினா புயலும் ராணுவத்தின் வேகமும்

கத்ரினா புயல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கரையைக் கடந்தது 2005 ஆகஸ்ட் 29, திங்கள் காலை. அன்று மாலையே கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரின் மேல் பறந்தன. வெள்ளம் ஏற ஏறப் பரணில் ஒண்டிக்கொண்டவர்களைக் கூரையைக் கோடரியால் பிளந்து தூக்கினார்கள் வீரர்கள். இந்தப் படை காப்பாற்றியவர்கள் 33,500-க்கும் மேல். மேலிட உத்தரவு வரட்டும் என்று காத்திராமல், களத்தில் நிற்பவரே முடிவெடுப்பது அங்கே வழக்கம்.

'பட்டான்' என்ற கடற்படைக் கப்பல் புயலைப் பின்தொடர்ந்தே வந்தது. மறுநாளே அதன் ஹெலிகாப்டர்கள் மீட்பில் இறங்கின. ஆனால் 600 படுக்கை போடக்கூடிய அதன் மருத்துவமனை முதல் சில நாட்கள் ஏறக்குறைய காலியாகவே கிடந்தது.

நகரின் மாநாட்டு மையத்தில் ஏறத்தாழ 20,000 பேர் தவித்தார்கள். அவர்களுக்கு உணவும் குடிநீரும் தேசியக் காவல் படையின் லாரிகளில் வந்து சேர்ந்தது செப்டம்பர் 2, வெள்ளிக்கிழமை. அவர்கள் அங்கே இருப்பதே தனக்கு வியாழனன்றுதான் தெரியும் என்றார் மத்தியப் பேரிடர் அமைப்பின் தலைவர். தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும்!

மத்திய ராணுவத்தின் 7,200 பேரை அங்கே அனுப்ப அதிபர் புஷ் உத்தரவிட்டது செப்டம்பர் 3. படைகளுக்கு யார் தலைமை என்று அவருக்கும் லூசியானா ஆளுநர் பிளாங்கோவுக்கும் இடையே இழுபறி. தாமதத்துக்கு 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பலர் காரணம் காட்டினார்கள். அந்தச் சட்டம் தடுப்பது ராணுவம் போலீஸ் வேலை பார்ப்பதைத்தான். தண்ணீர் கொடுப்பதையோ ஆளைத் தூக்கிக் காப்பாற்றுவதையோ அல்ல.

மாநிலத் தேசியக் காவல் படையின் தலைமையகமே வெள்ளத்தில் மூழ்கியது. அதன் ஒரு படைப்பிரிவு அப்போது ஈராக்கில் இருந்தது.

கடைசியில் திரண்ட வீரர்கள் 70,000 பேர் அளவுக்கு. அத்தனை பெரிய படையை இதைவிடச் சீக்கிரம் யாராலும் திரட்ட முடியாது என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. முகாமிலிருந்து லாரி கிளம்பிய நேரம் எதற்கு? தாகத்தில் இருந்தவர் கைக்குப் பாட்டில் போன நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நகருக்குள் வந்த மத்திய ராணுவத் தளபதி ரஸல் ஆனரே தெருவில் நின்று, வீரர்களின் துப்பாக்கிகளைக் கீழே இறக்கச் சொல்லி அதட்டினார். வந்திருப்பது போருக்கல்ல, உதவிக்கு என்று அந்த மக்கள் கண்டுகொள்ள அது அவசியமாக இருந்தது.

படைகளுக்கு யார் தலைமை என்ற சிக்கலுக்கு வழி பிறக்க ஆண்டுகள் ஆயின. 2012-இல் சாண்டி புயலின்போது, பாதிக்கப்பட்ட சில மாநிலங்களில், மாநிலத்துக்கு ஒருவர் என, மாநிலப் படைக்கும் மத்தியப் படைக்கும் சேர்த்து ஒரே அதிகாரி தளபதியாக நியமிக்கப்பட்டார்.