வண்டி முகம் திருப்பினால் புறப்படாதீர்கள்!

செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, சிறிது தூரத்தில் இருக்கிறது சிங்கவரம். விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர். அங்கே குன்றின் மேல், பாறையைக் குடைந்து செய்த கோவிலில் அரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார். பல்லவர் காலத்துக் கோவில் அது.

செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் அந்தப் பெருமாளின் பக்தன் என்பார்கள். 1714-ம் ஆண்டு ஆற்காட்டு நவாபின் படை செஞ்சி மீது வந்தது. குதிரை ஏறுமுன், தேசிங்கு சிங்கவரம் சென்று விடை கேட்டானாம். "போகாதே" என்பது போல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்! இளம் ராஜா அதைப் பொருட்படுத்தவில்லை. போனான். போர்க்களத்தில் மாண்டான்.

பெருமாள் முகம் திருப்பியது கதை. தேசிங்கு மாண்டது சரித்திரம்.

இன்று அந்தப் பக்கம் குதிரைகளுக்குப் பதில் மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலை, 77-ம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. பௌர்ணமி தோறும் கிரிவலத்துக்குப் போகிறவர்கள் இந்த வழியே போகிறார்கள். 2025 ஜூலை மாதம் செஞ்சிக் கோட்டை, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம் பெற்றது. கோட்டையைப் பார்க்கவும் தூர ஊர்களிலிருந்து இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்.

சென்னையிலிருந்து செஞ்சி சுமார் 150 கிலோ மீட்டர். பாதி வழியில், இருட்டில், பின்னால் மனைவி உட்கார்ந்திருக்க, வண்டி நின்றுவிட்டால்? நின்றாலாவது பரவாயில்லை. பிரேக் பிடிக்காமல் ஓடினால்?

வண்டியும் சொல்லும்

வண்டி சொல்லாமல் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் முன்கூட்டியே அதுவும் முகத்தைத் திருப்பிக் காட்டுகிறது. நாம்தான் கவனிப்பதில்லை.

பிரேக் பிடித்தால் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்கிறதா? பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. செயின் தொங்கி "டக் டக்" என்கிறதா? அது தளர்ந்துவிட்டது. காலையில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு தெரிகிறதா? எங்கோ கசிகிறது. டயரின் ஓரத்தில் வெடிப்பு தெரிகிறதா? அந்த டயரை நம்பி நெடுந்தூரம் போகக் கூடாது.

இவற்றைப் பார்க்க மெக்கானிக் வேண்டாம். இரண்டு கண்ணும் பத்து நிமிஷமும் போதும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். சர்வீஸ் செய்வதைப் புறப்படும் நாளுக்கு முதல் நாள் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வாரம் முன்பே செய்துவிட வேண்டும். அதன் பிறகு உள்ளூரிலேயே ஐம்பது, நூறு கிலோ மீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். சர்வீஸ் செய்தபோது ஒரு நட்டு சரியாக முடுக்கப்படாமல் போயிருக்கலாம். அது வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அன்றும் இன்றும்

1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தோன்றியது. திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் தயாராயின. இங்கிலாந்தில் மூலக் கம்பெனியின் உற்பத்தி 1970-ல் நின்றுபோன பிறகும், இங்கே புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் எஞ்சின் அமைப்பு பல ஆண்டுகள் அதிகம் மாறவில்லை. ஆகவே சிற்றூர் மெக்கானிக்குக்கும் அது கைவந்த வண்டி. ஒரு ஸ்பானர், ஒரு திருப்புளி, கொஞ்சம் உப்புக் காகிதம் இருந்தால் மரத்தடியிலேயே கிளப்பிவிடுவார்.

இப்போது நிலைமை வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி அமுலுக்கு வந்தது. அதன் பின் வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை எவ்வளவு பீய்ச்சுவது என்பதை மின்னணுக் கருவி தீர்மானிக்கிறது. அதில் கோளாறு வந்தால், அதற்கென உள்ள பரிசோதனைக் கருவியைப் பொருத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே கோளாறை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பஞ்சர், செயின், கேபிள், பிரேக் கட்டை, பியூஸ் இவையெல்லாம் சாலையோர மெக்கானிக்கே பார்த்துவிடுவார். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குப் போவதே நல்லது. வழியில் எந்தெந்த ஊரில் அது இருக்கிறது என்பதைப் புறப்படுமுன் எழுதிக்கொள்ளுங்கள். போனும் செய்து கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல நிலையங்களுக்கு விடுமுறை!

நல்ல பட்டறை எது?

தெரியாத ஊரில் யாரை நம்புவது? பெட்ரோல் பங்கில் கேளுங்கள். ஆட்டோ ஓட்டுகிறவரைக் கேளுங்கள். தினமும் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு நல்ல மெக்கானிக் யார் என்று தெரியும். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் அங்கே போகலாம்.

பட்டறையில் உங்கள் வண்டி ரகம் நாலைந்து நிற்கிறதா என்று பாருங்கள். நல்ல மெக்கானிக் வண்டியைப் பிரிக்குமுன் கேள்வி கேட்பார். "எப்போதிலிருந்து இந்தச் சத்தம்? ஓடும்போதா, நிற்கும்போதா?" என்பார். ஓட்டியும் பார்ப்பார். செலவு எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே சொல்வார். மாற்றிய பழைய சாமானைக் கையில் கொடுப்பார்.

பக்கத்தில் நின்று பார்க்க விடாதவர், கேட்காமலே பல சாமான்களை மாற்றுகிறவர் என்றால் ஜாக்கிரதை.

வேலை முடிந்ததும் அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். பின் சக்கரம் கழற்றி மாட்டப்பட்டிருந்தால், அச்சு நட்டு முடுக்கியாயிற்றா, பிரேக் சரியாக இருக்கிறதா, செயின் இழுவை சரியா என்று பார்த்துவிட்டு, மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

வண்டியோடு வந்த ஸ்பானர் பை. ஒரு கிளச் கேபிள். ஒரு ஸ்பார்க் பிளக். இரண்டு பியூஸ். டியூப் உள்ள டயர் என்றால் ஒரு டியூப். டியூப் இல்லாத டயர் என்றால் பஞ்சர் அடைக்கும் சாமான். ஒரு டார்ச் விளக்கு. காற்றை, டயர் சூடாகுமுன் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். இரண்டு பேர் போவதானால் பின் டயருக்கு எவ்வளவு காற்று என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும்.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033 எண்ணுக்குப் போன் செய்யலாம். ஆளுக்கு ஆபத்து என்றால் 108.

உலகம் சுற்றியவர்

1973-ல் டெட் சைமன் என்ற பத்திரிகையாளர் இங்கிலாந்திலிருந்து டிரையம்ப் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். நான்கு ஆண்டுகளில் 45 நாடுகளைச் சுற்றினார். இந்தியாவுக்கும் வந்தார். அவர் பிறவி மெக்கானிக் அல்ல. வண்டி வழியில் தொல்லை கொடுக்காமலும் இல்லை. ஆங்காங்கே பழுது பார்த்துப் பார்த்துத்தான் ஊர் திரும்பினார்.

நெடும் பயணத்தில் கெடாத வண்டி என்று ஒன்று கிடையாது. கெடுவதை முன்கூட்டியே அறிகிறவர் உண்டு, அறியாதவர் உண்டு. தன் வண்டியின் சத்தம் தெரிந்தவரிடம், "எல்லாம் போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும்" என்று யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது. நல்ல மெக்கானிக்கும் அவரிடம் மனம் விட்டுப் பேசுவார்.

சாவியைத் திருப்புமுன் ஒரு தடவை வண்டியைச் சுற்றி வாருங்கள். அது ஏதாவது சொன்னால், பயணத்தை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். அருணாசலம் எங்கும் போய்விடாது. செஞ்சிக் கோட்டையும் அங்கேயேதான் இருக்கும்!