ஏழு கோல்களும் ஒரு திட்டமும்

2014 கால்பந்து உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் ஜெர்மனியிடம் 1–7 என்று தோற்றதற்கு நட்சத்திர வீரர் நெய்மாரின் காயத்தையே பலரும் காரணம் காட்டினார்கள். முதுகெலும்பில் அடிபட்ட நெய்மாரும், தடை பெற்ற கேப்டன் தியாகோ சில்வாவும் அன்று ஆடவில்லை என்பது உண்மைதான். ஆனால் தோல்வியில் பெரும்பங்கு பயிற்சியாளர் ஸ்கொலாரியின் திட்டத்துக்கு உண்டு.

நெய்மாரின் இடத்துக்கு அவர் பெர்னார்ட் என்னும் விங்கரைத் தேர்ந்தெடுத்தார். ஆட்டம் நடந்த பெலோ ஹொரிசோன்ட்டி நகரின் கிளப்பில் ஆடிப் பெயர் வாங்கியவர் பெர்னார்ட். உள்ளூர் ரசிகர்களுக்கு மகிழ்ச்சி. நடுக்களத்திலோ ஆள் பற்றாக்குறை. ஜெர்மனிக்கு ஷ்வைன்ஸ்டைகர், கெதிரா, குரோஸ் என மூவர். பிரேசிலுக்கு லூயிஸ் குஸ்தாவோ, பெர்னாண்டினியோ இருவர்தான். தற்காப்பு வீரர்களான மார்செலோவும் டேவிட் லூயிஸும் முன்னேறி ஓட, அவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் ஜெர்மானியர் தாராளமாகப் பந்தைப் பரிமாறிக்கொண்டார்கள். 11-வது நிமிடக் கார்னர் கிக்கில் முதல் கோலை அடித்த ஜெர்மனியின் முல்லரைக் கவனிக்க ஆளே இல்லை. 23 முதல் 29-வது நிமிடத்துக்குள் இன்னும் நான்கு கோல்கள். அந்த நேரத்தில் பின்வாங்கி ஆட்டத்தின் வேகத்தைத் தணிக்கும் மாற்று ஏற்பாடு எதுவும் பிரேசிலிடம் தென்படவில்லை. பவுலினியோவும் ராமிரெஸும் நடுக்களத்தை நிரப்ப வந்தது இடைவேளைக்குப் பிறகு. அப்போது கணக்கு 0–5.

தோல்விக்கு ஸ்கொலாரி தாமே பொறுப்பேற்றார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் நெதர்லாந்திடம் 0–3 எனத் தோற்றபின் அவரது பதவி போயிற்று.